மாரீஸ்வரி சொன்ன ‘வாரேன்’

டின்னைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிடிக்க வேண்டும், அதற்கு மேலே போனால் வைகாசிக் கடைசிக் காற்று சுண்ணாம்பை அள்ளிக்கொண்டு போய்விடும், கீழே இறங்கினால் கோடு தடித்துப் புழு மாதிரி நெளியும், ஒரு சாண், அதே ஒரு சாண், தட்டு, நகரு, தட்டு, நகரு என்று மாரீஸ்வரி, இழுத்துக் கட்டிய கயிற்றை ஒட்டிக் குனிந்தவாக்கில் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தாள். பால்பவுடர் டின், அடியில் ஆணியால் அடித்த ஓட்டைகள், உள்ளே நீற்றுச் சுண்ணாம்பு. சனிக்கிழமை சாயங்கால ஆட்டத்துக்கு முன்னால் பள்ளிக்கூட மைதானத்தில் வாலிபால் கோர்ட்டுக்குக் கோடு போடுவது ஆறாம் வகுப்பிலிருந்து அவள் வேலை. பிளஸ் டூ ரிசல்ட் வந்து, பள்ளிக்கூடத்துக்கும் அவளுக்கும் இனி ஒட்டுமில்லை உறவுமில்லை என்று ஆன பிறகும் இன்றைக்கு டின்னை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள், யாரும் கூப்பிடவில்லை, கோடு போடுகிறவள் தலை குனிந்துதான் இருப்பாள், யாருக்கும் முகத்தைக் காட்ட வேண்டியதில்லை, அதற்காகத்தான். மணி நாலேகால் இருக்கும். ஐந்து மணிக்குச் சென்னைக் காலேஜ் கோச் பத்மஜா மேடம் போன் பண்ணுவார். ‘வர்றியா இல்லையா, ஒரே வார்த்தைம்மா, இன்னொரு நாள் என்னால சீட்டைப் பிடிச்சு வைக்க முடியாது’ என்று நேற்றே சொல்லிவிட்டார். ஒரே வார்த்தை. ஒரே வார்த்தைதானே அங்கேயும் சொன்னது, இன்னாசிமுத்து சாரிடம், திண்டுக்கல்லுக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிற அந்தச் சின்னக் காலேஜ் கோச்சிடம், ஒரே ஒரு வார்த்தை, அதுவும் சொல்லவேண்டும் என்று சொன்னதல்ல, வாய் தானாகச் சொன்னது, தட்டு, நகரு, ஒரு சாண். இரண்டு காலேஜிலும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட்டு, இரண்டிலும் ஹாஸ்டல். சென்னைக் காலேஜ் வருஷா வருஷம் யுனிவர்சிட்டிக் கப்பைத் தூக்குகிற டீம், அங்கே போனால் ரெண்டு வருஷம் பெஞ்சு. மலையடிக் காலேஜில் செட்டரே இல்லை, பந்தைத் தூக்கிக் கொடுக்க ஆளில்லாமல் அடிக்கிற பெண்கள் தாங்களே தூக்கித் தாங்களே ஓடுகிறார்கள், அங்கே போனால் முதல் நாளே கோர்ட்டுக்குள். இவ்வளவுதான் விஷயம். இதை ஒரு குழந்தைகூடத் தீர்த்துவிடும். மூன்று நாளாகத் தீரவில்லை.

“ஏய் மாரீசு, கோடு பாத்ரூமுக்குப் போகுதுடி. கண்ண எங்க வச்சிருக்க?”

கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவள் ஜெபஷீலா. இடதுகைக்காரி, மாரீஸ்வரி தூக்கிக் கொடுத்த பந்தையெல்லாம் ஆறு வருஷமாக அடித்தவள், இப்போது மதுரையில் நர்சிங் சேர்ந்துவிட்டாள், ஜூலையில் கிளாஸ். கயிறு நேராகத்தான் இருந்தது, கோடுதான் விலகியிருந்தது, நாலு விரல் அகலத்துக்கு. மாரீஸ்வரி காலால் அந்த இடத்தைத் தேய்த்து அழித்தாள். அழித்த இடம் மற்ற இடத்தைவிட வெள்ளையாகத் தெரிந்தது. ரெனிட்டாவைக் கோடு போடச் சொன்னால் போடுவாளா, அங்கே மரத்தளம், கோடெல்லாம் பெயிண்டு, யாரும் போட வேண்டாம், வழுக்காமல் துடைக்க ஆள் இருக்கிறது. ரெனிட்டா. சென்னைக் காலேஜின் செட்டர், இன்னும் ரெண்டு வருஷம் அங்கேதான் இருப்பாள், அவள் இருக்கிறவரை மாரீஸ்வரிக்கு உள்ளே இடமில்லை, பொறாமைப்பட வேண்டும், நியாயமாகப் பார்த்தால் வயிறு எரிய வேண்டும், ஆனால் அந்தக் கையை நினைத்தால் எரிச்சல் எங்கிருந்து வரும். மற்ற செட்டர்கள் தூக்கும்போது விரலில் பந்து பட்ட சத்தம் கேட்கும், டப்பென்று, மாரீஸ்வரி தூக்கினாலும் கேட்கும், ஜெபஷீலா அந்தச் சத்தத்தை வைத்துத்தான் ஓடவே ஆரம்பிப்பாள். ரெனிட்டா கையிலிருந்து போகிற பந்துக்குச் சத்தமில்லை. வந்தது, போனது. நடுவில் அவளிடம் ஒரு கணம் இருந்ததா இல்லையா என்று அம்பயருக்கே சந்தேகம் வருகிற அளவுக்கு. முன்னால் தூக்கப்போகிறவள் மாதிரி நெஞ்சை வளைத்து நிற்பாள், பந்து தலைக்குப் பின்னால் போய்விடும். அடிக்கிறவள் வெளியே அடித்துவிட்டால் ரெனிட்டா நெஞ்சில் கை வைத்துக்கொள்வாள், என் மேல் தப்பு என்று, அவள் மேல் தப்பிருக்காது, ஒரு நூல் தப்பிருக்காது, கொடுத்தது மணி மாதிரி இருந்திருக்கும், அடித்தவள்தான் அவசரப்பட்டிருப்பாள், அப்படியும் கை நெஞ்சுக்குப் போகும், அடித்தவள் அடுத்த பந்தைத் தரையில் பதித்துவிட்டுத்தான் மூச்சு விடுவாள். ரெண்டு வருஷம் அதைப் பக்கத்திலிருந்து பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டாமா. மேடம் சொன்னதும் அதைத்தான். ‘ரெனிட்டா பின்னாடி ரெண்டு வருஷம் உக்காந்து பாரு கண்ணா, மூணாவது வருஷம் நீதான்.’ உட்கார்ந்து பார்ப்பது. அம்மாவிடம் கேட்டதற்கு, அச்சாபீஸில் காலண்டர் தாளை மடித்துக்கொண்டே, “மெட்ராஸுன்னா ராத்திரி ரயிலு, அங்கிட்டுன்னா பகல் பஸ்ஸு. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான், நான் ரெண்டு ஊருக்கும் வரப்போறதில்ல” என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, “விளையாடப் போறியா, விளையாட்டுப் பாக்கப் போறியா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த கட்டை எடுத்தாள்.

பக்கக்கோடு முடிந்தது. ஜெபஷீலா முளைக்குச்சியைப் பிடுங்கி எதிர்மூலைக்கு நடந்தாள். நடக்கும்போதே, “அந்த மலையடி சாருக்குச் சொல்லிட்டியாடி?” என்றாள்.

“என்னத்தச் சொல்ல?”

“நீ சொன்னது சொன்னது இல்லைன்னு.”

“அத எப்படிடி சொல்றது. சொன்னது சொன்னதுதான். அவுக கேட்டதுதான் வேற.”

“நல்லாப் பேசுத. வக்கீலுக்குப் படிக்கப் போ, பந்தெல்லாம் எதுக்கு.”

என்ன சொன்னாள். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் விருதுநகர் டோர்னமென்டில், செமி பைனல் தோற்று, வேப்பமரத்தடியில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஒரு ஆள் வந்து பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார், வேட்டி கட்டின கோச்சை அவள் அதுவரை பார்த்ததில்லை. தோற்ற ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ‘மூணாவது செட்டுல பதினெட்டாவது பாயிண்டு, ஒங்கிட்ட வந்த பந்து மோசமான பந்து. நீ அதை நல்ல பந்தாக்கிக் குடுத்த. யாரும் கைதட்டல. நான் பாத்தேன்’ என்றார். அந்தப் பந்து அவளுக்கும் ஞாபகம் இருந்தது, முட்டிக்குக் கீழே வந்த பந்து, உட்கார்ந்து எடுத்தாள், ஜெபஷீலா அடித்தாள், கூட்டம் ஜெபஷீலாவுக்குக் கைதட்டியது, அதுதான் முறை, செட்டருக்கு யார் தட்டுவார்கள். தன் காலேஜைப் பற்றிச் சொன்னார், மண் கோர்ட்டு, உயரமான பெண் ஒருத்திகூட இல்லை, ஆனால் பந்து தரையில் விழ விடமாட்டார்கள், விழுந்தால் பந்தோடு இவர்களும் விழுவார்கள், முட்டியெல்லாம் பாரு என்று போனில் ஒரு படம் காட்டினார், வரிசையாகப் பத்து முட்டி, எல்லாம் தழும்பு. எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கேட்டாள். பஸ் வந்துவிட்டது என்று பி.டி. டீச்சர் விசிலடித்தார். பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள், பெரியவர் முன்னால் எழுந்தால் என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னாள். ‘சரிங்க சார், அப்ப நான் வாரேன்.’ அவ்வளவுதான். விடைபெறுகிற வார்த்தை. வேறு எதைச் சொல்லிக் கிளம்புவது, போறேன் என்றா சொல்ல முடியும், அவள் வீட்டில் போறேன் என்று சொன்னால் முதுகில் விழும், அப்பா லாரியை எடுத்துக்கொண்டு நாக்பூர் போகும்போதும் வாரேன்தான், கடைக்குப் போனாலும் வாரேன்தான், ஊரே வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டுதான் போய்க்கொண்டிருக்கிறது. அந்த மனுஷனுக்கும் அது தெரியாதா, தமிழ்நாட்டில்தானே பிறந்தார். ஆனால் ஒரு ஆள் ஒன்றையே நினைத்துக்கொண்டு ஒருவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தால் காது வேறு மாதிரி ஆகிவிடுமோ என்னவோ. அவர் எழுந்து நின்றார், வேட்டியில் ஒட்டின மண்ணைக்கூடத் தட்டவில்லை, ரெண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார், ‘போதும்மா, இந்த ஒரு வார்த்தை போதும்’ என்றார். பஸ்ஸில் ஏறின பிறகு அவள் ஜெபஷீலாவிடம், பாவம், எவ்வளவு மரியாதையான ஆளு, வாரேன்னு சொன்னதுக்குக் கும்பிடுறாருடி என்றாள். ரெண்டு பேரும் சிரித்தார்கள். சாத்தூர் வரும்வரை சிரித்தார்கள்.

எதிர்ப் பக்கக்கோட்டில் பாதி வந்திருந்தாள். சிரித்ததை நினைத்ததும் டின் தாழ்ந்துவிட்டது, கோடு தடித்தது, இதை அழிக்கப்போவதில்லை, இருக்கட்டும், யார் அளக்கப் போகிறார்கள். அதற்குப் பிறகு இன்னாசிமுத்து சாரிடமிருந்து ஒரு போன் இல்லை. மேடமோ தினமும் கூப்பிட்டார், சான்றிதழ் அனுப்பினாயா, ஷூ என்ன சைஸ், உயரம் நூற்று அறுபத்தெட்டா ஒன்பதா, கையெழுத்துப் போட பாரம் வந்ததா. மலையடிக்காரர் மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தாள், மறந்துவிட்டாரே என்று கொஞ்சம் வலிக்கவும் செய்தது, நான் பார்த்தேன் என்று சொன்னவர் மறந்துவிட்டாரே என்று. மூன்று நாளைக்கு முன்னால் அந்த டீம் கேப்டன் வாட்ஸப்பில் குரல் அனுப்பியிருந்தாள், பின்னால் பத்துப் பேர் ஹோவென்று கத்துகிறார்கள், ‘மாரீஸ்வரி, ஏழாம் நம்பர் ஜெர்சி ஒனக்குத்தான், தச்சாச்சு, தூத்துக்குடி மரியபுஷ்பம் செட்டர் எடத்துக்குக் கேட்டா, எங்களுக்கு வாக்குக் குடுத்த பொண்ணு இருக்குன்னு சார் அவளை வேணாம்னுட்டாரு, சீக்கிரம் வா.’ நாலு தடவை கேட்டாள். முதல் தடவை புரியவில்லை, ரெண்டாவது தடவை புரிந்தது, மூன்றாவது தடவை புரியாமலிருந்தால் தேவலை என்றிருந்தது, நாலாவது தடவை அந்தச் சத்தத்துக்குள்ளே சார் குரல் கேட்கிறதா என்று தேடினாள், இல்லை. அப்படியானால் அந்த மௌனம் மறதி இல்லை. ஒரு காகிதம் கேட்கவில்லை, ஒரு கையெழுத்துக் கேட்கவில்லை, சரிதானே என்று திரும்பி ஒரு போன் போட்டுக் கேட்கக்கூட அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. வாய்ச்சொல் வந்துவிட்டது, வீட்டுக்குப் போய்விட்டார். பதினேழு வயசுப் பெண் சொன்ன ஒரு வார்த்தையை இப்படி முழுசாக நம்பின ஆளை அவள் கண்டதில்லை, அப்பாகூட சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். நினைக்க நினைக்க அந்த ஆள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்ததைவிட உயரமாகிக்கொண்டே போனார். அதுதான் பயமாகவும் இருந்தது. இவ்வளவு நம்பினவரிடம் போய், சார், அது சும்மா போயிட்டு வாரேன் சார் என்று எப்படிச் சொல்வது. சொல்லாமல் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் அப்படிப் போனால் ஆயுசுக்கும் ஒரு வாய்தவறலில் போய்ச் சேர்ந்தவள்தான். வருகிறேன் என்று அவள் இன்னும் யாருக்கும் சொல்லவே இல்லையே.

“மூலைக்கு மூலை பாப்போமா?” என்றாள் ஜெபஷீலா.

கோர்ட்டு சதுரமாக விழுந்திருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. மூலைக்கு மூலை டேப் பிடிக்க வேண்டும், இருபது மீட்டர் பன்னிரண்டு சென்டிமீட்டர் வர வேண்டும், ரெண்டு மூலைக்கும். முதல் மூலைக்குச் சரியாக வந்தது. அடுத்ததற்கு எட்டு சென்டிமீட்டர் குறைந்தது. “சாஞ்சிருச்சுடி” என்றாள் ஜெபஷீலா. “இன்னிக்கு நீ போட்டா அப்படித்தான். பேசாம ரெண்டு காலேஜுக்கும் போ. திங்கள் செவ்வாய் மெட்ராஸு, புதன் வியாழன் மல.”

“ஞாயித்துக்கிழமை ஒன் ஆஸ்பத்திரியில வந்து படுத்துக்கிறேன்.”

“வா வா, மொதக் குளுக்கோஸ் ஒனக்குத்தான். எடக்கையாலயே ஏத்துறேன்.”

மாரீஸ்வரி டேப்பை விடாமல் மூலையிலேயே குத்தவைத்து உட்கார்ந்தாள். எதிரே இரும்புக் கம்பத்தில் நெட்டு தொங்கியது, கீழ்க்கயிறு இன்னும் கட்டவில்லை, காற்றில் உப்பி அடங்கிக்கொண்டிருந்தது. சென்னைக் காலேஜிலும் போன சனிக்கிழமை இதே நேரம், டிரையல்ஸ், இவளை மேடம் ‘பி’ சைடில் போட்டார், ரெனிட்டா ‘ஏ’ சைடு. சுழற்சியில் ஒரு கட்டம் வந்தது, இவள் நெட்டில் நிற்கிறாள், ரெனிட்டாவும் நெட்டில், நடுவில் வலை மட்டும், கையை நீட்டினால் தொடலாம். பந்து ரெனிட்டாவுக்குப் போனது, அவள் தோள் சொன்னது முன்னால் என்று, இவள் முன்பக்கம் தாவினாள், பந்து பின்னால். அடுத்த பந்து, அதே தோள், இப்போது ஏமாற மாட்டேன் என்று பின்னால் தாவினாள், பந்து முன்னால். மூன்றாவது பந்துக்கு இவள் தாவி அந்தரத்தில் இருக்கும்போது, கண்ணுக்கு நேரே அந்தப் பத்து விரலும் விரிந்து, பந்து அவற்றுக்குள் வந்து, முன்னாலும் இல்லை பின்னாலும் இல்லை, சும்மா ஒரு விரல் திரும்பி இவள் தலைக்கு மேலேயே நெட்டைத் தாண்டி இந்தப் பக்கம் மெத்தென்று விழுந்தது, அப்போதுதான், காலில்லாமல் தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கணத்தில், மாரீஸ்வரி சிரித்தாள். வாய்விட்டு. ‘பி’ சைடில் இருந்தவர்கள் இவளைப் பைத்தியம் என்று பார்த்தார்கள், பாயிண்டு போய்விட்டது, இவள் சிரிக்கிறாள். வலைக்கு அந்தப் பக்கம் ரெனிட்டாவும் சிரித்தாள், உதட்டால் மட்டும், ஒரு புருவத்தைத் தூக்கி, அடுத்தது என்ன சொல்லு பார்ப்போம் என்கிற மாதிரி. அந்தச் சிரிப்புக்கு ஒரு வாரமாக அர்த்தம் தேடுகிறாள். இவள் பெஞ்சில் போய் உட்கார்ந்த பிறகும் ரெனிட்டா ஆடினாள், இன்னும் நன்றாகவே ஆடினாள், இவளுக்குச் சிரிப்பு வரவில்லை, நன்றாக இருக்கிறது என்று பட்டது, அவ்வளவுதான். பெஞ்சிலிருந்து ஒரு செட்டு அவள் முகம் தெரியும், பக்கம் மாறினால் அடுத்த செட்டு முதுகு. ரெண்டு வருஷம் முகம், முதுகு, முகம், முதுகு. அந்தக் கை என்ன செய்யும் என்று தெரியாமல் நிற்பது அவள் டீமில் இருக்கிற யாருக்கும் வாய்க்காது, அது எதிரே நிற்கிறவளுக்கு மட்டும்தான். ரெனிட்டாவை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது, அதனால்தான் அவள் டீமுக்குப் போகக் கூடாது, என்ன கிறுக்குத்தனமான கணக்கு இது, ஆனால் திருப்பிப் போட்டுப் பார்த்தாள், அப்படியே நின்றது. எதிரே நிற்க வேண்டுமென்றால் எதிரே நிற்கிற டீம் ஒன்று வேண்டும். தழும்பு விழுந்த பத்து முட்டி. யுனிவர்சிட்டி மேட்சில் அவர்கள் சென்னையைத் தொட எத்தனை ரவுண்டு தாண்ட வேண்டும், தாண்டுவார்களா, தாண்டாவிட்டால்.

போன் அடித்தது. ஜெபஷீலாதான் கம்பத்தில் மாட்டியிருந்த பையிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். மேடம் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிஷம்கூடப் பிந்தவில்லை. “மன்னிச்சுக்கோங்க மேடம். நான் சேரல” என்றாள் மாரீஸ்வரி. “நல்லா யோசிச்சுட்டியாம்மா? வேற யாராவது சொன்னாங்களா?” “இல்ல மேடம், நானாத்தான். ரெனிட்டா அக்காகிட்ட சொல்லிருங்க, நான் வேற டீம்ல ஆடப்போறேன்னு.” மேடம் கோபப்படுவார் என்று நினைத்தாள். “சொல்றேன். வருத்தப்படுவா, நீ போன அன்னிக்கு உன்னைப் பத்தித்தான் பேசினா” என்றார் மேடம், நல்லா ஆடு என்றார், வைத்துவிட்டார். சுண்ணாம்புக் கை. போன் முழுக்க வெள்ளை. இதோடு விட்டுவிடலாம். மலையடியில் எல்லாம் அதது இடத்தில் இருக்கிறது, ஜெர்சி தைத்தாகிவிட்டது, போய் நின்றால் போதும். அவள் அடுத்த நம்பரைத் தேடி அழுத்துவதை ஜெபஷீலா வாயைத் திறந்தபடி பார்த்தாள்.

“சொல்லும்மா மாரீஸ்வரி” என்றது இன்னாசிமுத்து சார் குரல், நேற்றுத்தான் பேசிவிட்டு வைத்த மாதிரி.

“சார், அன்னிக்கு விருதுநகர்ல நான் வாரேன்னு சொன்னேன்ல. அது... பஸ்ஸு வந்துருச்சு சார். அதான் சொல்லிட்டுக் கிளம்புனேன். வந்து சேர்றேன்னு சொல்லல.”

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் வைக்கிற சத்தம், ஒரு நாற்காலி இழுபடுகிற சத்தம்.

“போயிட்டு வாரேன்னு சொன்னியா” என்றார்.

“ஆமா சார்.”

“அடக் கடவுளே.” சிரித்தாரா, தெரியவில்லை, சிரிப்பில் பாதிதான் வந்தது. “பன்னெண்டு நாளா எங்க வீட்டம்மாகிட்ட அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டிக்கிட்டிருக்கேன். புள்ள எப்படி பளிச்சுன்னு சொல்லுச்சு பாத்தியான்னு. சரி. சரிம்மா. அது என் காது. ஒன் மேல தப்பில்ல. வேற காலேஜுக்கா போற?”

“இல்ல சார். சென்னையில கூப்பிட்டாங்க, வரலன்னுட்டேன். இப்பச் சொல்றேன். ஒங்க காலேஜுலதான் சேர்றேன்.”

“மறுபடி பஸ்ஸு எதும் வரலையே?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் ஏதோ வந்தது, சுண்ணாம்புக் கையால் துடைக்க முடியாமல் தோளில் தேய்த்துக்கொண்டாள். “வரல சார். ஆனா ஒண்ணு. தூத்துக்குடிப் பொண்ண வேணாம்னுட்டீங்களாம். நான் சொல்லாத வார்த்தைக்காக. அவளக் கூப்பிடுங்க சார்.”

“யோசிச்சுப் பேசும்மா” என்றார் அவர், குரல் மாறிவிட்டது, இப்போது கோச். “என்கிட்ட ஒரு செட்டர் எடம்தான். மரியபுஷ்பம் வந்தா அது ஒனக்குன்னு நான் சொல்ல முடியாது. சென்னையையும் விட்டுட்டேங்கற. இங்கயும் உக்காந்துட்டீன்னா?”

ஜெபஷீலா அவள் முழங்கையைக் கிள்ளினாள், வேணாம்டி என்று உதட்டை அசைத்தாள்.

“அவ நல்லா ஆடுவாளா சார்?”

அந்த ஆளுக்கு ஒரு ஆட்டக்காரியைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. கொஞ்சம் தயங்கினார், தயங்கிவிட்டுச் சொல்ல ஆரம்பித்ததும் தயக்கம் போய்விட்டது. “ஒன்னைவிட மூணு இன்ச் கூட. கோர்ட்டுக்கு வெளிய போற பந்தைக்கூட ஓடிப் போயி விரல்லதான் எடுப்பா, கையச் சேத்துத் தட்டவே மாட்டா. போன மாசம் பாத்தேன், பின்னால இருந்த பெஞ்சு மேல ஏறி நின்னு ஒண்ணு எடுத்துக் குடுத்தா. பெஞ்சு மேலம்மா.”

மாரீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். பெஞ்சையும் அதில் ஏறுகிற காலையும் விரிகிற விரலையும் பார்க்க முயன்றாள், கால் தெரிந்தது, விரல் தெரியவில்லை, எந்தப் பக்கம் திருப்பியிருப்பாள், அந்த உயரத்திலிருந்து எப்படிக் கொடுத்திருப்பாள், எதிரே நின்று பார்த்தால்தான் தெரியும்.

“கூப்பிடுங்க சார்” என்றாள். “இப்பவே கூப்பிடுங்க.”